ஹோம் சயின்ஸ்ல எம்எஸ்சி, பிஎச்டி பண்றவங்க எதை ஆராய்ச்சி பண்றாங்கன்னு நாமளே எண்ணிப் பார்த்து தலைப்பு பிடிக்கறது எப்படி: முழு வழிகாட்டி

எம்எஸ்சி முதல் வருஷம் முடியற நேரத்துல எங்க டிபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் ஒரே காட்சிதான். கைடு "என்னம்மா, தலைப்பு யோசிச்சியா"ன்னு கேப்பாங்க, பொண்ணு முந்தின நாள் லைப்ரரில சீனியரோட தீசிஸ் நாலு புரட்டிட்டு வந்து "கம்பு பிஸ்கட் மேம்"னு சொல்லும். போன வருஷம் சாமை பிஸ்கட், அதுக்கு முந்தின வருஷம் ராகி பிஸ்கட். நான் மட்டும் என்ன, என்னோடது முருங்கைக்கீரை பொடி போட்ட முறுக்கு. முறுக்கு நல்லாத்தான் வந்துச்சு, டேஸ்ட் பேனல்ல 9 பாயிண்ட் ஸ்கேல்ல நல்ல மார்க்கும் வாங்குச்சு, பொடி கொஞ்சம் கூடினா மட்டும் எல்லாரும் மூஞ்சிய சுளிச்சாங்க. பிஎச்டிக்கு படிக்க உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, அதே முருங்கைப் பொடிய நூடுல்ஸ்ல, ரொட்டில, சூப் மிக்ஸ்ல, இட்லி பொடில, சத்துமாவுலன்னு நாடு முழுக்க போட்டு முடிச்சிருக்காங்க. முறுக்கு ஒண்ணுதான் எனக்காக மிச்சம் வச்சிருந்தாங்க போல.

அதனால ட்ரெண்டுன்னா என்ன, அதை எங்க பாக்கறது, எப்படி எண்றது, எண்ணினதுல இருந்து தனக்குன்னு ஒரு கேள்விய எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வழிய எழுதுறேன். லேப்டாப், ஒரு எக்ஸெல் ஷீட், ரெண்டு வார லீவு நாள் இருந்தா போதும். சாஃப்ட்வேர் எல்லாம் வேணாம். விஓஎஸ்வியூவர் மாதிரி கலர் கலரா வலை போட்டுக் காட்டற டூல் இருக்கு, இலவசம்தான், ஆனா முதல் தடவை கையாலதான் எண்ணணும், அப்பதான் என்ன இருக்குன்னு மண்டைல ஏறும்.

படி 1: முதல்ல பேர் குழப்பத்தை தீர்த்துக்கங்க

இந்த படிப்புக்கு ஊருக்கு ஒரு பேர். ஹோம் சயின்ஸ்னு மட்டும் தேடினா பாதி கூட கிடைக்காது, இதை தாண்டாம அடுத்த படிக்கு போகாதீங்க.

அமெரிக்காவுல 1899ல நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட்ங்கிற ஊர்ல எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் தலைமைல சில பேர் கூடினாங்க. அந்தம்மா கெமிஸ்ட், எம்ஐடில படிச்ச முதல் பொண்ணு. தண்ணி சுத்தம், உணவு கலப்படம், வீட்டுச் சுகாதாரம் எல்லாத்தையும் லேப் கண்ணால பாக்கணும்ங்கிறதுதான் அவங்க பிடிவாதம். வருஷா வருஷம் கூடி பேசி ஹோம் எகனாமிக்ஸ்னு பேர் வச்சு 1909ல சங்கமும் ஆரம்பிச்சாங்க. அந்தப் பேர கேட்டாலே சமையல் தையல்தானேன்னு எல்லாரும் நினைக்க ஆரம்பிச்சதால 1993ல அரிசோனாவுல ஸ்காட்ஸ்டேல்ல கூடிப் பேசி, 1994ல சங்கத்தோட பேரையே ஃபேமிலி அண்ட் கன்ஸ்யூமர் சயின்சஸ்னு மாத்திட்டாங்க.

நம்ம ஊர்ல ஹோம் சயின்ஸ், தமிழ்ல மனையியல். டெல்லி லேடி இர்வின் காலேஜ் 1932ல வந்தது, கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் காலேஜ் 1957ல, அது 1988ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அங்க ஆரம்பத்துல இருந்து தூக்கி நிறுத்தின ராஜம்மாள் தேவதாஸ் ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ணிட்டு வந்தவங்க, அதனால அமெரிக்க பாடத்திட்டத்து வாசனை நம்ம சிலபஸ்ல இன்னிக்கும் அடிக்கும். மதுரைல வேளாண் பல்கலைக்கழகத்து மனையியல் கல்லூரி இப்ப கம்யூனிட்டி சயின்ஸ் காலேஜ். வேளாண் பல்கலைக்கழகங்கள் பக்கம் முழுக்கவே இப்ப அந்த பேர்தான்.

ஆகவே தேடும்போது ஹோம் சயின்ஸ், ஹோம் எகனாமிக்ஸ், கம்யூனிட்டி சயின்ஸ், ஹியூமன் எகாலஜி, ஃபேமிலி அண்ட் கன்ஸ்யூமர் சயின்சஸ்னு அஞ்சு பேரையும் தனித்தனியா போடுங்க. அதோட விடாதீங்க, ஃபுட் அண்ட் நியூட்ரிஷன், ஹியூமன் டெவலப்மெண்ட், ரிசோர்ஸ் மேனேஜ்மெண்ட், டெக்ஸ்டைல்ஸ் அண்ட் க்ளோத்திங், எக்ஸ்டென்ஷன் (படிச்சத மக்கள்கிட்ட கொண்டு போறது)னு பிரிவு பேரையும் போடணும். நிறைய இடத்துல பிரிவெல்லாம் தனி டிபார்ட்மெண்ட் ஆயிடுச்சு, ஹோம் சயின்ஸ்ங்கிற வார்த்தையே ரெக்கார்டுல இருக்காது.

படி 2: எங்க தேடணும்

பிஎச்டி தீசிஸுக்கு ஷோத்கங்கா, முடிஞ்ச தீசிஸ் எல்லாம் சேத்து வச்சிருக்கற வெப்சைட். குஜராத் காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட்ங்கிற பல்கலைக்கழக நூலக மையம் நடத்துறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2009ல போட்ட விதிப்படி பல்கலைக்கழகங்கள் தீசிஸோட சாஃப்ட் காப்பிய குடுக்கணும், அதெல்லாம் இங்க வந்து சேருது. பல்கலைக்கழகம், அப்புறம் டிபார்ட்மெண்ட்னு உள்ள இறங்கிப் போங்க, மேல இருக்கற தேடல் பெட்டிய நம்பாதீங்க.

ஷோத்கங்கோத்ரின்னு இன்னொண்ணு இருக்கு, பல பேருக்கு இது இருக்கறதே தெரியாது. பிஎச்டிக்கு ரிஜிஸ்டர் பண்ணினவங்களோட சினாப்சிஸ், அதாவது பண்ணப்போற ஆராய்ச்சியோட சுருக்கம், அதுல இருக்கும். ஷோத்கங்கா முடிஞ்சுபோன ஆராய்ச்சின்னா இது இப்ப அடுப்புல கொதிச்சிட்டிருக்கறது. உங்க தலைப்பையே வேற யாராவது ரெண்டு வருஷமா பண்ணிட்டிருக்காங்களான்னு இங்கதான் தெரியும்.

வேளாண் பல்கலைக்கழகத்து தீசிஸ் கிரிஷிகோஷ்ங்கிற வெப்சைட்ல இருக்கும், அதுல எம்எஸ்சி தீசிஸும் உண்டுங்கிறது பெரிய வசதி. ஆர்ட்ஸ் காலேஜ் எம்எஸ்சி டிசர்ட்டேஷன் மட்டும் பெரும்பாலும் ஆன்லைன்ல சிக்காது, அதுக்கு டிபார்ட்மெண்ட் பீரோதான். அட்டெண்டர் அண்ணன்கிட்ட சாவி வாங்கி, ஒரு மத்தியானம் பூரா தரையில உக்காந்து ஒவ்வொண்ணோட முதல் பக்கத்தையும் மெத்தடாலஜி பக்கத்தையும் போன்ல படம் எடுத்துட்டு வந்துருங்க. நான் எடுத்தப்ப தூசில ரெண்டு நாள் தும்மல் நிக்கல, ஆனா என் மொத்த லிஸ்ட்லயே உருப்படியான பகுதி அதுதான், ஏன்னா வேற யார்கிட்டயும் அது இல்ல.

வெளிநாட்டோட ஒப்பிட ஆசைன்னா ஃபேமிலி அண்ட் கன்ஸ்யூமர் சயின்சஸ் ரிசர்ச் ஜர்னல் பாருங்க. 1972ல ஹோம் எகனாமிக்ஸ் ரிசர்ச் ஜர்னல்னு ஆரம்பிச்சது. அமெரிக்க பல்கலைக்கழகங்கள்ல முடிஞ்ச தீசிஸ் தலைப்புகளை பிரிவுவாரியா தொகுத்து அதுல போட்டிருக்காங்க. நமக்கு அப்படி ஒரு தொகுப்பு கிடையாது, அதனாலதான் இவ்வளவு அலைச்சல்.

படி 3: ஷீட் போடுறது

200 தலைப்பு போதும், கடைசி பத்து வருஷம். ஆயிரம் எடுக்கறேன்னு ஆரம்பிச்சு 340ல விட்டுட்டு போன ஆளுங்கள எனக்குத் தெரியும்.

காலம் (எக்ஸெல்ல மேலருந்து கீழ வர்ற கட்டம், column) எவ்வளவு வேணா போடலாம், எனக்கு உதவினது ஆறுதான்: வருஷம், பிரிவு, பொருள், ஆள், ஊர், முறை. பொருள்னா எதைப் பத்தி. ஆள்னா யாரை வச்சு. முறைன்னா சர்வேயா, லேப் வேலையா, சாப்பிடக் குடுத்து பாத்தாங்களா, பேட்டியா.

ஒண்ணு போட்டுக் காட்டுறேன். நானா உண்டாக்கின தலைப்புதான், ஆனா இந்த அச்சுல எக்கச்சக்கம் பாப்பீங்க: "கல்லூரி மாணவிகளின் இரத்தசோகையில் தினை லட்டு ஊட்டத்தின் தாக்கம்". பொருள்ல ரத்தசோகைன்னு போடுவீங்களா தினைன்னு போடுவீங்களா? இங்கதான் பல பேர் சறுக்குவாங்க. இன்னிக்கு தினைன்னு போட்டு நாளைக்கு இதே மாதிரி ஒண்ணுக்கு ரத்தசோகைன்னு போட்டா எண்ணிக்கை குப்பை. ஆரம்பத்துலயே ஒரு விதி வச்சுக்கங்க: பிரச்சனை எதுவோ அது பொருள், மருந்தா குடுத்தது எதுவோ அது முறை பக்கத்துல. ஆள் காலத்துல "கல்லூரி மாணவிகள்". ஊர் காலத்துல அந்த காலேஜ் இருக்கற ஊர், தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி யாரும் போயிருக்க மாட்டாங்க.

முதல் 30 தலைப்பு முடிச்சதும் நிறுத்திட்டு, ஃப்ரெண்டு ஒருத்திகிட்ட அதே 30ஐ உங்க ஷீட்ட காட்டாம நிரப்ப சொல்லுங்க. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சா எங்கெங்க மாறுதோ அங்க உங்க விதி தெளிவா இல்லன்னு அர்த்தம். ஒரு டீயும் சமோசாவும் செலவு, ஆனா வைவால (வாய்மொழித் தேர்வு) "நீங்களா வகைப்படுத்தினதுதானே"ன்னு கேட்டா பதில் சொல்ல வாய் இருக்கும்.

படி 4: எண்ணிக்கைய படிக்கறது

எண்ணி முடிச்சு பிவட் டேபிள் (எக்ஸெல் தானா கூட்டித் தொகுத்துக் காட்டற டேபிள்) போட்டதும் ஒரு குஷி வரும், அதுல ஏமாந்துடாதீங்க, ஏன்னா தீசிஸ்ங்கிறது ரொம்ப லேட்டா வர்ற தபால். பிஎச்டிக்கு யுஜிசி கணக்குல குறைஞ்சது 3 வருஷம், கூடினது 6 வருஷம், அப்புறம் அப்லோடு ஆக ஒரு காலம். இன்னிக்கு ஷோத்கங்கால நீங்க பாக்கறது அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தங்க மண்டைல ஓடின கேள்வி. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு, அந்த சமயத்துல ரிஜிஸ்டர் பண்ணினவங்க தீசிஸ் இனிமேதான் வரிசையா வரப்போகுது, அதைப் பாத்துட்டு சிறுதானியம்தான் இப்ப ட்ரெண்டுன்னு 2027ல ஒருத்தி கிளம்பினா அவ தீசிஸ் வெளிய வரும்போது எக்ஸாமினர் தூங்கிடுவார். அதனால ஷோத்கங்கோத்ரில இருக்கற சினாப்சிஸ தனி ஷீட்ல எண்ணி பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் உண்மையான ட்ரெண்ட்.

இன்னொண்ணு, லாக்டவுன் சமயத்துல டேட்டா எடுத்த தீசிஸ்ல கூகுள் ஃபார்ம் சர்வே குவிஞ்சிருக்கும். அதை ஆன்லைன் சர்வே ட்ரெண்ட்னு எழுதாதீங்க, அப்ப வெளிய போக முடியல, அவ்வளவுதான்.

படி 5: பிரிவு பிரிவா என்ன ஓடுது

நம்ம பக்கம் நான் பாத்த வரைக்கும் சொல்றேன், உங்க ஷீட்ல கொஞ்சம் மாறலாம்.

ஃபுட் அண்ட் நியூட்ரிஷன்தான் எல்லாரையும் முழுங்கற திமிங்கலம். சிறுதானியம், முருங்கை, வாழைத்தண்டு வாழைப்பூ மாதிரி வேஸ்டா போறதுல இருந்து மாவு எடுக்கறது, ப்ரோபயாட்டிக், அப்புறம் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), சுகர், ரத்தசோகை. லேபுக்கு காசு இருக்கற இடத்துல ஆன்ட்டி ஆக்சிடன்ட் டெஸ்ட் இல்லாம ஒரு தீசிஸ் பாக்க முடியாது.

டெக்ஸ்டைல்ஸ்ல இயற்கை சாயம் ரொம்ப வருஷமா ராஜா. இப்ப கூடவே மூலிகை ஃபினிஷ், கிருமி அண்டாத துணி, வாழை நார், சணல், மறுபடி பயன்படுத்தற நாப்கின். திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துலயே இருக்கறதால மில்லுல போய் டெஸ்ட் பண்ண வசதி, அதான் நம்ம ஊர் பொண்ணுங்க இதுல கெட்டி. ஆனா அந்த மில்லுல வேலை செய்யறவங்களப் பத்தி துணியப் பத்தின அளவுக்கு எழுதறதில்ல.

ஹியூமன் டெவலப்மெண்ட்ல செல்போன், ஸ்க்ரீன் டைம், ஆட்டிசம் குழந்தைங்களோட அம்மாக்கள், டீன் ஏஜ் மனசு. எக்ஸ்டென்ஷன்ல சுயஉதவிக்குழு, சுயஉதவிக்குழு, மறுபடியும் சுயஉதவிக்குழு.

ரிசோர்ஸ் மேனேஜ்மெண்ட்டுக்கு ஆள் சேர்றது குறைஞ்சிட்டே வருது, எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம். எர்கனாமிக்ஸ்னு சில பேர் நல்லா பண்றாங்க, வேலை செய்யும்போது உடம்பு எப்படி வளையுதுன்னு ரூலா ஸ்கோர் போட்டு பாக்கறது மாதிரி. மத்தபடி இன்டீரியர் டிசைன் பக்கம் ஒதுங்கிட்டாங்க. வீட்ல காசு எப்படி வருது, எப்படி போகுது, யார் முடிவு பண்றாங்க, யுபிஐ வந்தப்புறம் அஞ்சறைப்பெட்டில ஒளிச்சு வச்ச சேமிப்பு என்ன ஆச்சு, நகைக்கடன், மைக்ரோஃபைனான்ஸ் வாராவாரம் கட்டறது, இதெல்லாம் நம்ம படிப்போட உயிர்நாடி. இதை எகனாமிக்ஸ்காரங்க வந்து எடுத்துட்டு போய்ட்டிருக்காங்க, நாம பிஸ்கட் சுட்டுட்டிருக்கோம்.

படி 6: ஆள் காலத்தைப் பாருங்க

நான் இவ்வளவு நேரம் இழுத்தது இதுக்குத்தான். பொருள் காலத்தை ஃபில்டர் போட்டா வருஷத்துக்கு வருஷம் மாறும், சோயா போய் ஓட்ஸ் வந்து, ஓட்ஸ் போய் சிறுதானியம் வந்திருக்கும். ஆள் காலத்தை ஃபில்டர் போடுங்க. கல்லூரி மாணவிகள், பள்ளிக் குழந்தைகள், சுயஉதவிக்குழு பெண்கள், கர்ப்பிணிகள். நான் எண்ணினப்ப இந்த நாலு பேர்லயே ஷீட் நிரம்பி வழிஞ்சுது. ஏன்னா சாம்பிள்ங்கிறது நமக்கு யார் சுலபமா கிடைப்பாங்களோ அவங்கதான். ஹாஸ்டல் பக்கத்துல, ஸ்கூல் ஹெச்எம் தெரிஞ்சவர், குழு மீட்டிங்ல 20 பேர் ஒரே பாய்ல உக்காந்திருப்பாங்க.

குடும்பத்தைப் பத்தின படிப்புன்னு பேரு, அப்பாவ காணோம். தாத்தாவ காணோம். தனியா இருக்கற வயசானவங்க, ஃபுட் டெலிவரி பையன்கள், பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல தங்கியிருக்கற வடநாட்டு பொண்ணுங்க, டிரைவருங்க, திருநங்கைகள், பொண்டாட்டி இல்லாம புள்ளைய வளர்க்கற ஆம்பளைங்க, தேடித் தேடி பாத்தா அங்கொண்ணும் இங்கொண்ணும். பொருள் புதுசா இருக்கணும்னு எல்லாரும் மண்டைய உடைக்கறாங்க. ஆள புதுசா புடிச்சா பழைய பொருளே புது கேள்வியாயிடும். ரத்தசோகை பழசு, நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி வேலை பாக்கற அறுபது வயசு ஆம்பளைங்களோட சாப்பாடு பழசு இல்ல.

படி 7: பெரிய சர்வேக்களோட ஒட்டிப் பாருங்க

நீங்க எண்ணினது மாணவர்கள் என்ன பண்றாங்கன்னு சொல்லும். நாட்ல என்ன நடக்குதுன்னு சொல்ல வேற டேட்டா இருக்கு, அதுல முக்காவாசி இலவசம். தேசிய குடும்ப நல சர்வே ஐந்தாவது சுற்று 2019-21, அதுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல ரத்தசோகை இந்தியா முழுக்க 57 சதவீதம், தமிழ்நாட்ல 53.4. வீட்டுச் செலவு சர்வே 2023-24ல ஒரு ஆளுக்கு மாச செலவு சராசரியா கிராமத்துல 4,122 ரூபாய், நகரத்துல 6,996. இதோட வீடுவாரியான மூல டேட்டாவே புள்ளியியல் அமைச்சகத்துல ரிஜிஸ்டர் பண்ணி இறக்கிக்கலாம்.

நம்ம படிப்புக்கே அளவெடுத்து தைச்ச மாதிரி ஒண்ணு நேரப் பயன்பாட்டு சர்வே. 2019ல முதல் பெரிய சுற்று, 2024ல ரெண்டாவது. 2024ல கூலி இல்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு பெண்கள் 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். இதை பேப்பர்ல பாத்துட்டு அப்படியே தீசிஸ்ல ஒட்டினவங்க எத்தனையோ பேர், ஆனா இது அந்த வேலைய செஞ்சவங்களோட சராசரி மட்டும்தான். 2019 கணக்க எடுத்துக்கங்க: பெண்கள் 299, ஆண்கள் 97 நிமிஷம். அன்னிக்கு வீட்டு வேலைல கை வச்ச பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 தான். கை வைக்காத ஆம்பளைங்களையும் சேத்து வகுத்தா 97 நிமிஷம் சுமார் 25 நிமிஷமா சுருங்கிடும், பெண்களுக்கு 243. ஒண்ணுக்கு மூணுன்னு இருந்தது ஒண்ணுக்கு பத்தாயிடுச்சு பாத்தீங்களா. டேபிளுக்கு அடில இருக்கற குட்டி எழுத்த படிக்கணும்ங்கிறது இதுக்குத்தான்.

இப்ப உங்க ஷீட்ட பக்கத்துல வைங்க. நாட்ல பெருசா இருந்து ஷீட்ல சிறுசா இருக்கறது எதுவோ, அங்கதான் இடம் காலியா இருக்கு.

படி 8: இடம் கிடைச்சாச்சு, கேள்வியா மாத்தணும்

ஒரு உதாரணம் சமைச்சுப் பாக்கலாம். 2023 செப்டம்பர் 15ல இருந்து தமிழ்நாட்ல கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாசம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவி அக்கவுண்ட்ல விழுது. எல்லாருக்கும் உடனே வர்ற தலைப்பு "மகளிர் உரிமைத்தொகையின் தாக்கம்". இது தலைப்பே இல்ல, மூட்டை. தாக்கம்னா எது மேல? பணம் வராதவங்களோட ஒப்பிடப் போறீங்களா? வராதவங்க வசதியானவங்களா இருந்தா அந்த ஒப்பீடே கோணல்.

மூட்டைய பிரிச்சா இப்படி வரும்: ஏடிஎம் கார்டு யார் கையில இருக்கு? எடுத்த காசுல முதல் செலவு எது? புருஷன் வீட்டுக்கு குடுக்கற காசு அந்த 1,000 அளவுக்கு குறைஞ்சுதா? மூணாவது கேள்விதான் எனக்கு பிடிச்சது, ஏன்னா அதுக்கு பதில் தெரியணும்னா பொண்டாட்டிகிட்டயும் கேக்கணும், புருஷன்கிட்டயும் தனியா கேக்கணும், ரெண்டு பதிலும் ஒத்துப்போகலன்னா அதுவே ஒரு ரிசல்ட். படி 6ல காணாம போன அப்பா இங்க உள்ள வந்துடறார். ஒரு வட்டாரம், 60 தம்பதி, வீட்டுக்கு ரெண்டு தடவை போறது, எம்எஸ்சிக்கு இது தாராளம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ல மதுரைல ஆரம்பிச்சது, அதுலயும் குழந்தையோட எடைய மட்டும் பாக்காம, காலைல ஏழு மணிக்கு அந்த அம்மாவுக்கு மிச்சமான அரை மணி நேரம் எங்க போச்சுன்னு கேட்டா அது ரிசோர்ஸ் மேனேஜ்மெண்ட் தலைப்பு.

படி 9: சாம்பிளும் முறையும், பல பேர் வழுக்கி விழற இடம்

384ங்கிற எண்ண எல்லா தீசிஸ்லயும் பாத்திருப்பீங்க. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீத பிழை, விஷயம் பாதிக்குப் பாதி இருக்கலாம்னு வச்சு ஃபார்முலால போட்டா வர்ற எண் அது. ஆனா அது குலுக்கல் முறைல ஆள் எடுத்தா மட்டும். நீங்க நாலு கிராமத்துக்கு போய் கிராமத்துக்கு நூறு பேர்னு எடுத்தா ஒரே ஊர்க்காரங்க ஒரே மாதிரிதான் இருப்பாங்க, அதுக்கு டிசைன் எஃபெக்ட்னு ஒண்ணரை ரெண்டு மடங்கோ, அதுக்கு மேலயோ கூட்டணும். காலேஜ் வாசல்ல நின்னு கிடைச்சவங்களை எடுத்துட்டு 384னு எழுதினா அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, வெறும் அலங்காரம்.

சாப்பாடு சம்பந்தப்பட்ட சர்வேன்னா 24 மணி நேர நினைவுக் கணக்கு எடுப்பீங்க. இதை ஃபார்ம்ல கட்டம் போட்டு நிரப்பிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊர்ல நாப்பது வயசு இருக்கும் ஒரு அக்காகிட்ட கேட்டேன், நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னக்கா சாப்ட்டீங்கன்னு.

"என்னத்த சாப்ட்டோம், காலைல ஒண்ணுமில்ல, மத்தியானம் சோறு, கத்திரிக்கா போட்டு பருப்புக் கொழம்பு, ராத்திரியும் அதேதான்."

எழுதிட்டு கிளம்பியிருக்கலாம். திரும்ப காலைல இருந்து ஒவ்வொரு வேலையா பிடிச்சு வந்தேன். எந்திரிச்சதும் டீத்தண்ணி? "வரக்காப்பி குடிச்சேன், அது சாப்பாடா?" கூட ஏதாச்சும் கடிச்சீங்களா? "வர்க்கி ஒண்ணு." நூறு நாள் வேலைக்கு போனீங்களா? "போனேன், அங்க ஒருத்தி கொய்யாக்கா கொண்டாந்தா, பெருசா ஒண்ணு தின்னேன்." புள்ளைங்க சாப்ட்டுச்சா? "சின்னவன் அவிச்ச முட்டைல பாதிய வச்சிட்டான், வீணாப் போகுமேன்னு வாயில போட்டேன்."

பெண்களோட உணவு பன்முகத்தன்மைக்கு உலக அளவுல ஒரு அளவுகோல் இருக்கு, 10 உணவு வகைல அஞ்சோ அதுக்கு மேலயோ சாப்ட்டிருக்கணும். முதல் பதில்ல அந்த அக்காவுக்கு தானியம், பருப்பு, காய்னு மூணுதான். கிண்டிக் கேட்டப்புறம் பழமும் முட்டையும் சேந்து அஞ்சு. அதே அக்கா, அதே நாள், கேட்ட விதம் மட்டும்தான் வேற, கோட்டுக்கு கீழ இருந்தவங்க மேல வந்துட்டாங்க. ஒரு ஆளோட ஒரு நாள வச்சு அவங்க சாப்பாடு நல்லதா கெட்டதான்னு சொல்லக் கூடாது, அது கூட்டத்துக்கான அளவுகோல், ஆனா 200 பேர்கிட்டயும் முதல் பதிலோட எந்திரிச்சு வந்தா உங்க மொத்த டேபிளும் கீழ சாஞ்சிடும்.

அளவும் அப்படித்தான். "ரெண்டு கரண்டி"ன்னா எந்தக் கரண்டி? அவங்க வீட்டு குழிக்கரண்டியவே வாங்கி தண்ணி ஊத்தி அளந்துக்கங்க.

சத்துக் கணக்குக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணை, 528 உணவு இருக்கு. அதுல எனர்ஜி கிலோஜூல்ல இருக்கும், 4.184ஆல வகுத்தாத்தான் கிலோகலோரி. வகுக்காம போட்டு, ஒரு அம்மா நாளைக்கு எட்டாயிரம் கலோரி சாப்பிடறதா டேபிள் போட்ட பொண்ண நான் காப்பாத்தியிருக்கேன். அப்புறம் 2020 ஆர்டிஏல (ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கற சத்து அளவு) பெண்களுக்கு இரும்புச்சத்து 29 மில்லிகிராம், 2010ல 21ஆ இருந்தது, பழைய எண்ண சீனியர் தீசிஸ்ல இருந்து காப்பி அடிக்காதீங்க. ஒரு கூட்டத்துல எத்தனை பேருக்கு பத்தலன்னு சொல்ல ஆர்டிஏ இல்ல, இஏஆர்ங்கிற சராசரித் தேவையத்தான் வச்சு பாக்கணும். மாதவிடாய் வர்ற பெண்களுக்கு இரும்புச்சத்துல மட்டும் அதுவும் நேரா பொருந்தாது, நிகழ்தகவு முறைன்னு ஒண்ணு இருக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாரை பிடிங்க.

படி 10: பேப்பர் வேலை

ஆளுங்கள வச்சு பண்ற எதுக்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதல்ல. லட்டு, மால்ட்னு குடுத்து ரத்தம் எடுத்து பாக்கறதா இருந்தா அது ட்ரையல், சிடிஆர்ஐல (இந்த மாதிரி ட்ரையலுக்கான தேசியப் பதிவேடு) ரிஜிஸ்டர் பண்ணணும். 2018 ஏப்ரல்ல இருந்து முதல் ஆள சேக்கறதுக்கு முன்னாடியே பண்ணினாத்தான் எடுத்துப்பாங்க. லட்டு குடுத்து முடிச்சுட்டு ஜர்னல் நம்பர் கேக்குதேன்னு ஓடி வந்தா ஒண்ணும் பண்ண முடியாது, என்கூட படிச்சவ ஒருத்தி ஒரு வருஷ வேலைய இப்படித்தான் பேப்பராக்க முடியாம வச்சிருக்கா.

காப்பி விஷயத்துல யுஜிசி 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் அடுத்தவங்க எழுத்தோட ஒத்திருந்தா தண்டனை இல்ல, 10ல இருந்து 40 வரைக்கும் திருத்திக் குடுக்கணும், 60 தாண்டினா ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும். 2022 விதில எம்ஃபில் படிப்பையே எடுத்துட்டாங்க, தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் போட்டே ஆகணும்ங்கிற கட்டாயத்தையும் எடுத்துட்டாங்க. ஆனா உங்க பல்கலைக்கழகம் தனியா கேக்கலாம், ஆஃபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. யுஜிசி ஏத்துக்கற ஜர்னல்களோட பட்டியலா இருந்த கேர் லிஸ்டும் 2025ல நிறுத்தியாச்சு, அதனால காசு கட்டினா ரெண்டு நாள்ல போடறேன்னு வாட்ஸ்அப்ல வர்ற ஜர்னல்காரங்க இப்ப இன்னும் தைரியமா வர்றாங்க.

படி 11: கைடுகிட்ட போறது

வெறுங்கையோட போய் தலைப்பு சொல்லாதீங்க. மூணு தாள் எடுத்துட்டு போங்க. முதல் தாள்ல உங்க எண்ணிக்கை டேபிள், ஆள் காலம் மட்டும். ரெண்டாவதுல காலியா இருக்கற இடமும் அதுக்கு பக்கத்துல பெரிய சர்வே எண்ணும். மூணாவதுல கேள்வி ரெண்டு, யார்கிட்ட, எந்த ஊர்ல, எத்தனை நாள்ல, பஸ் செலவு எவ்வளவுன்னு. "ஆம்பளைங்க பதில் சொல்ல மாட்டாங்கம்மா"ன்னு கண்டிப்பா சொல்வாங்க, அதுக்கு முன்னாடியே டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டுன்னு ஒரு அஞ்சு பேர்கிட்ட கேட்டு பாத்துட்டு, அந்த அஞ்சு ஃபார்மையும் தாளுக்கு பின்னாடி பின் பண்ணி வச்சிருங்க. சினாப்சிஸ் குடுக்கற வாரம் ஷோத்கங்கோத்ரிய மட்டும் இன்னொரு தடவை திறந்து பாத்துடுங்க, எனக்கு அப்படி பாத்தப்பதான் ராஜஸ்தான்ல ஒருத்தங்க முந்திட்டது தெரிஞ்சுது. அப்புறம் ஊரையும் ஆளையும் மாத்தி எழுத ஒரே ராத்திரிதான் இருந்துச்சு.